அப்பாவுக்கு ஒரு சத்து மாத்திரை

மார்ச் 2

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. இரண்டு மாதமாகக் கடை மேஜையில் சும்மா கிடந்தது. இன்று வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். இதில் ஒரே ஒரு காரியம்தான் எழுதுவேன். அப்பாவுக்கு எந்தத் தேதியில் எத்தனை மாத்திரை கொடுத்தேன், உதட்டில் புண் எப்போது வந்தது, எப்போது ஆறியது. வேறு எதையும் எழுதி மனதைக் கிளறிக்கொள்ளப் போவதில்லை.

மாத்திரையின் பெயர் லைசின். புரதத்தில் இருக்கும் அமினோ அமிலங்களில் ஒன்று. அப்பாவுக்கு வருடத்தில் நாலைந்து தடவை கீழுதட்டில் கொத்தாக நீர்க்கொப்புளம் வரும். இரண்டு நாளில் உடைந்து பொருக்குத் தட்டும். அவர் அதற்கு வைத்திருக்கும் பெயர் சூடு. எங்கள் மெடிக்கலுக்கு வரும் சீட்டுகளில் அதன் பெயர் ஹெர்பிஸ். லைசின் சாப்பிட்டால் அது அடிக்கடி தலைகாட்டாது என்று செல்போனில் படித்தேன். கடை முதலாளி அண்ணாச்சியிடம் சொல்லி மதுரையிலிருந்து ஒரு டப்பா வரவழைத்தேன்.

காலை ஒன்று, மாலை ஒன்று. சத்து மாத்திரை என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

"எனக்கு என்னம்மா சத்துக் கொறைச்சல்?" என்றார். எழுபத்தொரு வயதில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய்ப் பேப்பர் வாங்கி வருகிறவர். முப்பத்தொரு வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக நின்றுகொண்டே போன கால்கள்.

"எனக்காகப் போடுங்கப்பா" என்றேன். போட்டுக்கொண்டார்.

மார்ச் 5

மாத்திரை 2. புண் இல்லை.

வேர்க்கடலையிலும் தேங்காயிலும் ஆர்ஜினின் என்று வேறொரு அமிலம் இருக்கிறதாம். அது லைசினுக்கு எதிர்க்கட்சி. ஆகவே இரண்டையும் குறைக்க வேண்டும். கோவில்பட்டியில் இருந்துகொண்டு ஒரு மனிதரிடம் கடலை மிட்டாய் தின்னாதீர்கள் என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்று எனக்குத் தெரியும். சட்டைப் பையில் இரண்டு துண்டு வைத்திருந்தார். பிடுங்கிவிட்டேன். இட்லிக்குத் தக்காளிச் சட்னி.

"தேங்காச் சட்னி இல்லாம இட்லியா? ஏம்மா, நான் என்ன குத்தம் பண்ணேன்?"

அப்பா விளையாட்டாகத்தான் கேட்டார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மார்ச் 11

மாத்திரை 2. புண் இல்லை.

மார்ச் 15

மாத்திரை 2. புண் இல்லை.

தம்பி சங்கரபாண்டியும் அனுசுயாவும் வந்திருந்தார்கள். அவளுக்கு ஏழாம் மாதம். மே இருபது என்று நாள் குறித்திருக்கிறார்கள். முகம் பூரித்துப்போய் அழகாக இருக்கிறாள். வளைகாப்பு முடிந்ததும் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். அதுவும் இதே ஊரில்தான், ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம்.

"மாமாதான் சேனை வைக்கணும். எங்க அம்மாகிட்ட இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

பிறந்த பிள்ளைக்கு முதல் சொட்டுச் சீனித் தண்ணீரை நல்ல மனிதர் ஒருவர் விரலால் நாக்கில் தடவினால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்பாவுக்கு இந்தத் தெருவில் அதில் தனி மரியாதை. பஸ்ஸில் யாரோ விட்டுப்போன நகைப்பையை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தவர், குடிக்கமாட்டார், கெட்ட வார்த்தை பேசமாட்டார். அப்பா சேனை வைப்பதில் ஒரு பழக்கம் உண்டு. இனிப்பு சரியாக இருக்கிறதா என்று விரலைத் தொட்டுத் தன் நாக்கில் வைத்துப் பார்ப்பார். பிறகு அதே விரலை மறுபடி தோய்த்துப் பிள்ளை வாயில் வைப்பார். அந்த எச்சிலில்தான் குணமே இருக்கிறது என்று பெண்கள் சொல்வார்கள்.

"நாப்பது பிள்ளைக்கு வச்சிருக்கேன். எல்லாம் ஜம்முன்னு இருக்கு" என்றார் அப்பா.

நாற்பத்தொன்று. நான் திருத்தவில்லை.

மார்ச் 28

மாத்திரை 2. புண் இல்லை. இருபத்தேழு நாள் ஆயிற்று. லைசினுக்கு ஒரு கும்பிடு.

ஏப்ரல் 9

நேற்றுத் தேரோட்டம். வடம் பிடிக்க வேண்டாம், நிழலில் நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். வெயிலில் முழுவதும் நின்றுவிட்டுத் தலையில் துண்டுகூடப் போடாமல் வந்தார். இன்று காலையில் பல் தேய்த்துவிட்டுக் கீழுதட்டைத் தடவிக்கொண்டே வந்தார்.

"லேசா அரிக்கி."

கண்ணாடி தேவைப்படவில்லை. மூன்று கொப்புளம், இடது ஓரம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "சொன்னா கேக்கவே மாட்டியளா?" என்று கத்திவிட்டேன். அப்பா பயந்துபோய்விட்டார். உதட்டில் ஒரு சின்னக் கொப்புளத்துக்கு மகள் ஏன் இப்படி ஆடுகிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

மாத்திரை மூன்றாக்கினேன். அப்பாவின் டம்ளரைத் தனியாக வைத்தேன்.

ஏப்ரல் 12

கொப்புளம் உடைந்தது. மாத்திரை 3.

ஏப்ரல் 17

பொருக்கு உதிர்ந்தது. மொத்தம் ஒன்பது நாள். மாத்திரை இல்லாத காலத்திலும் ஒன்பது நாள்தான் இருக்கும்.

ஏப்ரல் 18

கடைக்கு மேல் மாடியில் தோல் டாக்டரம்மா வாரத்தில் இரண்டு நாள் உட்காருகிறார். கூட்டம் குறைந்ததும் ஏறிப்போனேன். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவருக்கு அடிக்கடி வருகிறது, லைசின் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"குடுக்கலாம்மா, கெடுதல் இல்ல. ஆனா உறுதியான ஆதாரமும் இல்ல. சிலருக்குக் கொறையுதும்பாங்க. ஏன், அவருக்கு என்ன அவசரம்?"

"வீட்டுல பிள்ள பெறக்கப் போகுது."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "அப்ப மாத்திரைய நம்பாதீங்க. புண்ணு ஆறினாலும் கிருமி உள்ளதான் கெடக்கும். வெளிய ஒண்ணும் தெரியாதப்பவும் எச்சில்ல வரலாம். பச்சப்பிள்ளைக்கு அது உயிர் போற விஷயம். முதல் ஒரு மாசம் அந்தப் பெரியவரு முத்தம் குடுக்கவும் கூடாது, வாயில விரல் வைக்கவும் கூடாது. அவர்கிட்ட நேராச் சொல்லிருங்க."

நேராகச் சொல்லிவிட வேண்டுமாம். டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டுச் சீட்டு எழுதிவிடுவார்.

படி இறங்கும் முன் ஒன்று கேட்டேன். அப்படி ஒரு பிள்ளைக்கு ஒட்டினால் என்ன செய்யும்?

"ஒரு வாரம் நல்லா இருக்கும். அப்புறம் பால் குடிக்காது. காய்ச்சல், வலிப்பு."

மாலையில் அப்பாவுக்கு மாத்திரை கொடுக்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 19

எழுதமாட்டேன் என்று சொன்னதை இனிக் கட்டிக்காக்க முடியாது.

எனக்கு ஒரு பையன் பிறந்தான். ஒன்பது வருடம் ஆகிறது. பெயர் வைக்கவில்லை, குட்டி என்று கூப்பிட்டோம். ஏழு நாள் நன்றாகப் பால் குடித்தான். எட்டாம் நாள் வாயைத் திறக்கவில்லை. அனலாகக் கொதித்தான். திருநெல்வேலிக்குக் கொண்டுபோகும் வழியில் காரிலேயே வலிப்பு வந்தது. பதிமூன்றாம் நாள் போய்விட்டான். கிருமி என்றார்கள், என்ன கிருமி என்று சொல்ல யாருக்கும் நேரமில்லை. மாமியார் வீட்டில் வேறு பெயர் சொன்னார்கள். பிள்ளையைத் தின்றவள் என்று என்னை.

இந்த ஜனவரியில் ஒரு தாயும் கைக்குழந்தையும் மருந்துச் சீட்டோடு கடைக்கு வந்தார்கள். கூட வந்த செவிலியர் அவளிடம், வீட்டில் யாருக்காவது உதட்டுப் புண் இருந்தால் பிள்ளைப் பக்கம் விடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு மாத்திரை எண்ணும் கை நின்றுவிட்டது.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து பீரோவிலிருந்து குட்டியின் சேனை போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அப்பா மடியில் குட்டி. அப்பா சிரிக்கிறார். கீழுதட்டில் இடது ஓரம் கறுப்பாகப் பொருக்கு.

அதனால்தான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. எனக்கும் தெரியாது. தெரியாது என்று நூறு தடவை எழுதினாலும் அந்தப் போட்டோவில் இருக்கும் பொருக்கு போகாது.

ஏப்ரல் 26

மாத்திரை 3. புண் இல்லை.

ஞாயிறு என்பதால் கடை இல்லை. இன்று சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்தேன். அப்பா முற்றத்தில் என் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எப்பா, நம்ம குட்டிக்கு என்ன வந்துச்சுன்னு என்னைக்காவது நெனச்சிருக்கீங்களா?"

எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார்.

"அத ஏம்மா இப்ப எடுக்க? உன் மேல ஒரு தப்பும் கெடையாது. எவன் சொன்னாலும் நம்பாத. நான் சொல்லுதேன்லா."

"இல்லப்பா, நான் என்ன சொல்ல வாரேன்னா..."

"நாப்பது பிள்ளைக்கு வச்ச கை, எம்மவ பிள்ளைக்கு மட்டும் ராசியில்லாமப் போச்சேன்னுதான் எனக்கு வருத்தம். அந்தத் தேதி வந்தா எனக்கு மத்தியானச் சோறு எறங்காது. உன்ட்ட சொன்னதில்ல."

அதற்கு மேல் நான் எப்படிச் சொல்வேன். மாமியார் வீட்டில் என்னைப் பேசிய மறுநாள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து, அவர் வேலை பார்த்த அதே ரூட் பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்கார வைத்துக் கூட்டிவந்தவர். என் கணவர் ஒரு தடவைகூடத் தேடி வரவில்லை. இவர் ஒன்பது வருடத்தில் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. இவரிடம் போய், உங்கள் விரல்தான் என்று சொல்லவா?

சைக்கிளைத் துடைத்துத் தந்தார். நான் அதில் ஏறி ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன்.

மே 4

மாத்திரை 4. வயிற்றைப் புரட்டுகிறது என்கிறார் அப்பா. மறுபடி மூன்றாக்கினேன்.

அண்ணாச்சி கேட்டார்: "ஏம்மா செம்பகம், இந்த மாத்திரைய நம்ம கடையில நீ ஒருத்திதான் வாங்குத. ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

"எனக்குத்தான் அண்ணாச்சி. உதட்டுல புண்ணு வரும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

மே 10

மாத்திரை 3. புண் இல்லை. இன்னும் பத்து நாள்.

யோசித்துப் பார்த்தால் இந்த மாத்திரையை நான் புண்ணுக்காகக் கொடுக்கவில்லை. சொல்லாமல் தப்பிப்பதற்காகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தேதான் செய்கிறேன். பிள்ளை பிறக்கிற அன்று உதட்டில் புண்ணோடு நின்றால் அதைக் காட்டியே தடுத்துவிடலாம் என்றுகூட இன்று நினைத்தேன். இரண்டு மாதம் வராமல் இருக்க மாத்திரை கொடுத்துவிட்டு, இன்று வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பைத்தியம்தான்.

மே 15

நேற்று மதியம் பன்னிரண்டே காலுக்கு அனுசுயாவுக்குப் பெண் பிள்ளை. ஆறு நாள் முந்திவிட்டாள். இரண்டு கிலோ எண்ணூறு. நல்ல கறுப்பு முடி. சங்கரபாண்டி அழுதுவிட்டான்.

எல்லாரும் ஆஸ்பத்திரி அறையில் இருந்தோம். தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அனுசுயாவின் அம்மா பாக்கியம் கதவைச் சாத்தினார். பையிலிருந்து வெள்ளிக் கிண்ணம் வந்தது. சீனித் தண்ணீர் வீட்டிலேயே கலந்து எடுத்து வந்திருந்தார்கள்.

அப்பா முழங்கை வரை சோப்புப் போட்டுக் கைகழுவினார். சலவை வேட்டி. உதடு சுத்தமாக இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. டாக்டரம்மா சொன்னதெல்லாம் தெரிந்தும், இந்த ஒரு தடவை ஒன்றும் ஆகாது என்று என் மனது சொன்னது. சொன்னதை மறைக்கமாட்டேன். வாயை மூடிக்கொண்டு நின்றுவிடலாம் என்று ஆசையாக இருந்தது.

விரலைத் தோய்த்துத் தன் நாக்கில் வைத்தார். "திட்டமா இருக்கு" என்று சிரித்தார். அதே விரலை மறுபடி கிண்ணத்தில் விட்டார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கிண்ணம் சரிந்து மெத்தை விரிப்பில் கொட்டியது.

"வேண்டாம்ப்பா."

"என்னம்மா?"

"எக்கா, கைய விடு" என்றான் சங்கரபாண்டி.

பாக்கியத்தம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏ செம்பகம், நல்ல நேரத்துல இது என்ன கூத்து? நமக்கு இல்லன்னா அடுத்தவங்க பிள்ள மேல..." என்று பாதியில் நிறுத்தினார். நிறுத்திய மீதியும் எனக்குக் கேட்டது.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கை இன்னும் என் பிடியில்தான். இப்போது சொல்லாவிட்டால் அந்த விரல் பிள்ளை வாய்க்குப் போய்விடும்.

"குட்டி செத்தது என்னாலதான். எனக்கு உதட்டுல புண்ணு வரும், ஹெர்பிஸ்னு பேரு. அது இருக்கும்போது அவனுக்கு முத்தம் குடுத்தேன். டாக்டரம்மாட்ட கேட்டுட்டேன், வலிப்பு அதுலதான் வரும். அந்தக் கிருமி எச்சில்ல இருக்கும். நானும் அப்பாவும் ஒரே டம்ளர்ல காப்பி குடிக்கோம். என்கிட்ட இருந்து அவருக்கும் ஒட்டியிருக்கும். அதான் வேண்டாம்ங்கேன்."

அனுசுயா பிள்ளையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் கண்ணில் என்னைப் பார்த்த பயம் இருந்ததே, அதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனால் அந்தப் பயம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அப்பா விரலைத் துண்டில் துடைத்தார். ஒவ்வொரு கணுவாகத் துடைத்தார்.

மே 17

சங்கரபாண்டி போன் செய்தான். நான் கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் வர வேண்டாமாம். பக்கத்தில் அனுசுயா குரல் கேட்டது. "மதினி, கோவப்படாதீங்க. அம்மாதான் ரொம்பப் பயப்படுது. மூணு மாசம் போகட்டும், நீங்களே தூக்கி வளத்துங்க."

"சரிம்மா" என்றேன். இந்த முப்பத்தாறு வயதில் எனக்கு உதட்டில் ஒரு கொப்புளம் வந்ததில்லை. பிள்ளையை ஒரே ஒரு தடவை மடியில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று உடம்பெல்லாம் தவிக்கிறது.

மே 22

எட்டாம் நாள். பால் குடிக்கிறாளா என்று காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை தம்பிக்குப் போன் செய்தேன். மூன்றாம் தடவை அவனுக்கே எரிச்சல். குடிக்கிறாளாம்.

மே 27

பதிமூன்றாம் நாள். நன்றாக இருக்கிறாள். தொட்டிலில் கிடந்து கத்துவதைப் போனில் கேட்க வைத்தான். எவ்வளவு பெரிய தொண்டை!

கடையில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதேன். அண்ணாச்சி பார்த்தும் பார்க்காத மாதிரி வெளியே போய்விட்டார்.

மே 31

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அப்பா என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மாத்திரையைக் கொடுத்தால் வாங்கிப் போட்டுக்கொள்வார். நானும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் ஏன் என்று கேட்பாரே.

இன்று காலை மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"புண்ணு உனக்குன்னா, மாத்திரைய ஏம்மா எனக்குக் குடுக்க?"

"உங்களுக்கும் ஒட்டியிருக்கும்னுதான்பா."

"ம்."

தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்தார்.

"கண்டக்டர் வேலைக்குச் சேந்த வருசம் எனக்கு இது மொதல்ல வந்துச்சு. திருச்செந்தூர் ரூட்டு. விசில் ஊத முடியாம, பஸ்ஸு தகரத்தத் தட்டித் தட்டியே ரைட் குடுத்தேன். நீ அப்ப பொறக்கல."

அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது, எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். மதியம் சாப்பிடவில்லை.

ஜூன் 8

எதிர்வீட்டுச் சரோஜாக்கா வந்தார். மகளுக்கு நேற்று ஆண் பிள்ளை. வெற்றிலைத் தட்டோடு வந்து அப்பா முன்னால் நின்றார்.

"அண்ணே, இன்னைக்கு நல்ல நேரத்துல வந்து சேனை வச்சிருங்க. ஒங்க கைதான் வேணும்னு மருமகனே சொல்லிட்டாரு."

கதவோரம் வந்து நின்றேன். அப்பா என் பக்கம் பார்க்கவில்லை. சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்திருந்தார், மடியில் சட்டை.

"இனி நான் யாருக்கும் வைக்கிறதில்லம்மா. வயசாச்சுல்லா, கை நடுங்குது."

"அப்படிச் சொன்னா எப்படிண்ணே? சும்மா ஒரு சொட்டு."

"ஒரு சொட்டும் வேண்டாம். தாய்ப்பாலே குடுங்க. யாரு வந்தாலும் பிள்ள வாயில கைய வைக்க விடாதீங்க. பெரிய மனுசன், நல்ல மனுசன்னு யாரையும் நம்பாதீங்க."

சரோஜாக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். "ஆமாக்கா, அப்பாவுக்கு இப்ப கை ரொம்ப நடுங்குது" என்றேன்.

அப்பா நூல் முனையை விரலால் முறுக்கி, ஊசியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஒரே தடவையில் கோத்துவிட்டார்.